வாயு சென்சரில் நாங்கள் விடுகிற பிழைகள்

உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவர் போன வெள்ளிக்கிழமை தன் செயற்றிட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகை, அதில் எம்கியூ-135 என்ற வாயு சென்சர், திரையில் "காபனீரொட்சைட்டு" என்று ஓர் எண். உள்ளே சாம்பிராணி போட்டதும் எண் விறுவிறுவென்று ஏறியது. "பாத்தீங்களா அண்ணா, வேலை செய்யுது!" என்றார். வேலை செய்தது உண்மைதான். ஆனால் அது உணர்ந்தது சாம்பிராணிப் புகையை.

இந்தச் சென்சருக்குள் வெள்ளீய ஒட்சைட்டுப் படலம் ஒன்று சூடாக இருக்கிறது. காற்றின் ஒட்சிசன் அதில் ஒட்டி இலத்திரன்களைப் பிடித்துக்கொள்ளும், படலத்தின் மின்தடை கூடும். புகையோ அற்ககோல் ஆவியோ வந்து அந்த ஒட்சிசனோடு தாக்கமுற்றால் இலத்திரன்கள் திரும்பும், தடை குறையும். நாங்கள் அளப்பது அந்தத் தடையை மட்டும்தான். வந்தது எந்த வாயு என்பது அதில் இல்லை.

"நானோ சென்சர் என்றால் திருத்தமானது" என்று நம்புவதுதான் பெரிய பிழை. படலத்தில் உள்ள நுண்மணிகள் சில நானோமீட்டர் அளவுக்குச் சிறுத்தால் மணி முழுவதுமே மேற்பரப்பு போல நடந்துகொள்ளும். அதனால் மிகச் சிறிய அளவு வாயுவும் தெரியும். உணர்திறன் கூடும், பிரித்தறியும் திறன் தானாகக் கூடாது.

அப்புறம் ஈரப்பதன். நீராவியும் அதே மேற்பரப்பில்தான் வந்து ஒட்டும். குளிரூட்டிய ஆய்வுகூடத்தில் அளவுதிருத்திய சென்சரை யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கடற்காற்றில் வைத்தால் எண் மாறும், காற்று மாசுபடாமலே. பக்கத்தில் ஓர் ஈரப்பதன் சென்சர் கட்டாயம் வேண்டும்.

புதுச் சென்சரை 24 மணி நேரமாவது சூடாக விடுங்கள். கரண்ட் நின்று வந்தால் முதலில் வரும் எண்களை எடுக்க வேண்டாம். பெட்டியைச் சிலிக்கோன் பசையால் ஒட்டவே வேண்டாம். அதன் ஆவி படலத்தைக் கெடுத்துவிடும்.

குப்பை எரிக்கும்போது எழும் பிஎம் 2.5 நுண்துகளை இது அளக்காது. அதற்கு லேசர் ஒளிச்சிதறல் சென்சர் வேறு. மூச்சில் உள்ள அசற்றோனைக் கொண்டு நீரிழிவு பார்ப்பதும் ஆய்வாளர்கள் முயல்கிற விஷயம்தான். ஆனால் மூச்சு ஏறக்குறைய முழு ஈரம். இந்த எண்ணை நம்பி யாரும் மருந்தைக் கூட்டிக் குறைக்கக் கூடாது, இரத்தப் பரிசோதனைதான் வழி.

தம்பி இப்போது திரையில் தடை விகிதத்தை, அதாவது சுத்தமான காற்றில் இருந்த தடையோடு ஒப்பிட்ட அளவை மட்டும் காட்டுகிறார். கொப்பியில் நேரம், ஈரப்பதன், அதன் அருகே "6.10, சாம்பிராணி".