ஓட்டை பாட்டிலும் ஊர்க் கண்மாயும்: ஐந்தாம் வகுப்பில் அமைப்புச் சிந்தனை

"கொசு ஏன் பெருகியது?" என்று கேட்டால், கேட்டு முடிப்பதற்குள் "சாக்கடை, சார்!" என்று பதில் வந்துவிடும். ஒரு கேள்விக்கு ஒரு காரணம், அவ்வளவுதான். தேர்வு அப்படிப் பழக்கியிருக்கிறது. ஒன்று மாறினால் வேறு எவையெல்லாம் மாறும், அந்த மாற்றம் சுற்றிக்கொண்டு வந்து முதலில் மாறியதையே எப்படித் தொடும் என்று பார்ப்பதற்குத்தான் அமைப்புச் சிந்தனை என்று பெயர். அமெரிக்காவில் 2013இல் வந்த புதிய அறிவியல் தரநிலைகள், எல்லா வகுப்புக்கும் பொதுவான ஏழு கருத்துகளில் ஒன்றாக இதை வைத்திருக்கின்றன. நமக்கு நான்கு பாடவேளையும் ஒரு பழைய குளிர்பான பாட்டிலும் போதும்.

முதல் ஆண்டு நான் செய்த தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். "அமைப்பு என்பது ஒன்றோடொன்று தொடர்புடைய பகுதிகளின் தொகுப்பு" என்று கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகள் அடிக்கோடிட்டு அழகாக எழுதிக்கொண்டார்கள். வேறெதுவும் நடக்கவில்லை. வரையறையைக் கடைசியில் சொன்னால் போதும்; சொல்லாவிட்டாலும் குறையில்லை.

படி 1: பேனாவைப் பிரித்துப் போடுங்கள்

அழுத்தினால் முனை வெளியே வரும் பேனா ஒன்று, ஒரு கைப்பிடி புளியங்கொட்டை. கொட்டையில் பாதியை எடுத்துவிட்டு "இப்போது இது என்ன?" என்று கேளுங்கள். அப்போதும் புளியங்கொட்டைதான். பேனாவைக் கழற்றி ரீஃபில், ஸ்பிரிங், மூடி எல்லாவற்றையும் மேசையில் பரப்புங்கள். ஒன்றுகூடக் குறையவில்லை, ஆனால் எழுதாது. பிறகு ஒவ்வொரு பாகமாக விட்டுவிட்டுச் சேர்த்துப் பார்க்கட்டும். சட்டைப்பையில் மாட்டும் கொக்கி இல்லாமலும் எழுதும். ஸ்பிரிங் இல்லாவிட்டால் முனை உள்ளே போகாது. பத்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். இதற்கு மேல் இழுத்தால் ஸ்பிரிங் காணாமல் போகும்.

படி 2: ஓட்டை பாட்டில்

இதற்கு ஒரு பாடவேளை முழுவதும் கொடுங்கள். இரண்டு லிட்டர் பாட்டிலின் கழுத்தை வெட்டிவிட்டு, அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் பென்சில் நுழையும் அளவு ஓட்டை போடுங்கள். சூடான கம்பியால் போடுவது எளிது. அதை நீங்களே முந்தைய நாள் செய்துவைத்துவிடுங்கள். பக்கவாட்டில் ஒரு வெள்ளைக் காகிதப் பட்டையை ஒட்டி, பாட்டிலைக் குழாயடியில் வையுங்கள். வழியும் நீரைப் பிடிக்க ஒரு வாளி. அது பிறகு செடிக்குப் போகட்டும்.

குழாயைத் திறப்பதற்கு முன் கையைத் தூக்கச் சொல்லுங்கள். நிரம்பி வழியுமா, காலியாகவே கிடக்குமா? என் வகுப்பில் பெரும்பாலும் இரண்டு கட்சிதான் சேரும். மூன்றாவது ஒன்று நடக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. இப்போது குழாயை மிதமாகத் திறங்கள். பதினைந்து நொடிக்கு ஒரு முறை ஒருவர் பட்டையில் நீர்மட்டத்தைக் கோடிட வேண்டும். முதல் கோடுகள் தள்ளித் தள்ளி விழும், பிறகு நெருங்கும், இரண்டு மூன்று நிமிடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழத் தொடங்கும். குழாய் ஓடுகிறது, ஓட்டையும் ஒழுகுகிறது, நீர்மட்டம் மட்டும் நிற்கிறது.

"ஏன் நின்றது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். ஓட்டையிலிருந்து பாயும் நீர் முதலில் பக்கத்தில் விழுந்ததையும் இப்போது தள்ளிப் போய் விழுவதையும் யாராவது ஒருவர் கவனிப்பார். நீர் உயர உயர அழுத்தம் கூடுகிறது, வேகமாக வெளியேறுகிறது, வரவும் செலவும் சரியாகும் இடத்தில் மட்டம் நின்றுவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. அடுத்து குழாயைக் கூட்டும்போது மிகக் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நீர்வரத்து இரண்டு மடங்கானால் ஓட்டைக்கு மேலே நிற்கும் நீரின் உயரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும், பாட்டில் தாங்காது. நான் நனைந்திருக்கிறேன்.

படி 3: கண்மாயை வரையுங்கள்

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் உண்டு. அவற்றில் பல சங்கிலியாக அமைந்தவை. மேலே நிரம்பினால் மிச்சம் கீழே போகும். முடிந்தால் பிள்ளைகளைக் கரைக்கே அழைத்துச் செல்லுங்கள். வரத்துக்கால், கரை, வயலுக்கு நீர் விடும் மடை, நிரம்பிய பின் மிச்ச நீர் வழிந்தோடும் கலிங்கு, வயல், அடுத்த கண்மாய் ஆகியவை படத்தில் வர வேண்டும். "பாட்டிலின் ஓட்டை இங்கே எது?" என்றால் மடை என்பார்கள். வெட்டிய விளிம்பு? கலிங்கு. மடையைத் திறக்கவும் மூடவும் ஆள் உண்டு, பாட்டிலுக்கு இல்லை என்ற வேறுபாட்டையும் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பிறகு அம்புக்குறி. இங்கேதான் பலர் சறுக்குகிறோம். "கண்மாய்" என்பதிலிருந்து "கொக்கு" என்பதற்கு வெறும் அம்பு போட்டால் அது எதையும் சொல்லாது. கூடவோ குறையவோ கூடிய ஒன்றைத்தான் எழுத வேண்டும்: நீரின் அளவு, மீன்களின் எண்ணிக்கை, கொக்குகளின் எண்ணிக்கை. முதலாவது கூடினால் இரண்டாவதும் கூடுமென்றால் பச்சை அம்பு. குறையுமென்றால் சிவப்பு அம்பு.

படி 4: வட்டத்தை மூடுங்கள்

கண்மாயில் வண்டல் சேர்கிறது என்று தொடங்குங்கள். வண்டல் கூடினால் தேங்கும் நீர் குறையும். நீர் குறைந்தால் ஆழ்துளைக் கிணறு (போர்) போடுவது கூடும். சொந்தமாகப் போர் இருப்பவர் தூர்வார வருவது குறையும். தூர்வாருவது குறைந்தால் வண்டல் கூடும். புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம், வண்டலோ முன்பைவிட அதிகம். யாரும் கெட்டவர் இல்லை. அவரவர் வயலுக்கு அவரவர் செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள். "யார் தப்பு, சார்?" என்று கேட்கும் பிள்ளைக்குக் கொடுக்கத்தக்க படம் இது.

ஆசிரியருக்கு ஒரு குறுக்குவழி: வட்டத்தில் சிவப்பு அம்புகளை எண்ணுங்கள். இரட்டைப்படை என்றால் மாற்றம் மேலும் பெருகும். வண்டல் வட்டத்தில் நான்கு. ஒற்றைப்படை என்றால் மாற்றத்தை அடக்கி நிறுத்தும். பாட்டிலில் ஒன்றே ஒன்று: வெளியேறும் நீர் கூடினால் மட்டம் குறையும்.

படி 5: கண்ணுக்குத் தெரியாத சங்கிலி

வீட்டுப்பாடமாகப் பாறுக் கழுகின் கதையைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கலைத்துக் கொடுப்பேன். மாட்டுக்கு வலி தீர டைக்ளோஃபெனாக் ஊசி, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் செயலிழப்பு, தின்ன ஆளில்லாமல் கிடக்கும் பிணங்கள், பெருகும் தெருநாய்கள். பாறுகள் செத்து விழுந்ததற்குக் காரணம் தெரிந்தது 2004இல். கால்நடைகளுக்கு அந்த மருந்தை இந்தியா தடை செய்தது 2006இல். தடைச் சீட்டை எந்த அம்பின் மேல் வைப்பது என்பதுதான் கேள்வி.

மதிப்பீட்டுக்குத் தாளும் பேனாவும் வேண்டாம், வாய்மொழியாக ஒரு கேள்வி போதும்: "நம் கலிங்கை ஒரு அடி உயர்த்திக் கட்டினால் என்ன ஆகும்?" நீர் கூடுதலாக நிற்கும் என்று நிறுத்திக்கொண்டால் இன்னும் ஒரு வகுப்பு தேவை. கண்மாய்க்குள் நீர் பின்னோக்கி ஏறி, கரைக்கு எதிரே நீர் வந்து சேரும் உள்வாய்ப் பக்கத்து வயல்கள் மூழ்கும் என்றால் நன்று. சென்ற முறை கடைசி பெஞ்சிலிருந்து வந்த பதில்: "கீழ்க் கண்மாய்க்காரங்க ராத்திரியோட ராத்திரியா வந்து இடிச்சிருவாங்க, சார்." முழு மதிப்பெண் போட்டேன்.