பிட்ஸ்பர்க் மாலர்ஸ் ஹெல்மெட்: வாங்கும் முன் எங்கெங்கே பார்க்க வேண்டும்?

அமெரிக்கன் ஃபுட்பால் பொருள்களைச் சேர்க்கத் தொடங்குகிறவர்கள், அற்பாயுசில் போன அணியாகப் பார்த்து எடுப்பது நல்லது. போலியைப் பிடிக்க அந்த ஆயுசே உதவும். யு.எஸ்.எஃப்.எல். (யுனைடெட் ஸ்டேட்ஸ் ஃபுட்பால் லீக்) என்ற லீகில் பிட்ஸ்பர்க் மாலர்ஸ் ஆடியது 1984-இல் ஒரே சீசன். 18 ஆட்டங்களில் 3 வெற்றி. வசந்த கால லீகை 1986 முதல் இலையுதிர் காலத்துக்கு மாற்றுவது என்று முடிவானதும், அதே காலத்தில் ஆடும் உள்ளூர் என்.எஃப்.எல். அணியான ஸ்டீலர்ஸுடன் மல்லுக்கட்ட மனமில்லாத உரிமையாளர் கடையைக் கட்டிவிட்டார்.

படி 1. எந்த மாலர்ஸ் என்று கேளுங்கள். 2022-இல் அதே பெயரில் புது அணி வந்து 2023-உடன் போனது. 1984 அணிக்கும் 2022-இல் வந்த அணிக்கும் ஊதா, ஆரஞ்சு நிறம்தான். விலையில் ஏமாறுவது இங்கேதான்.

படி 2. ஹெல்மெட்டின் உட்புறப் படம் கேளுங்கள். ஓட்டில் (ஹெல்மெட்டின் கெட்டியான வெளிக்கூடு) தயாரிப்பு ஆண்டாக 1985 அல்லது அதற்குப் பிந்தைய ஆண்டு இருந்தால் பேச்சை முடித்துக்கொள்ளலாம். 1982, 1983 என்றிருந்தால் பயம் வேண்டாம்; பழைய ஓட்டைச் சீர்செய்து பெயின்ட் அடித்துத் தருவது அங்கே வழக்கம்.

படி 3. இதற்குத்தான் பொறுமை வேண்டும். ஏதோ பள்ளிக்கூடத்துப் பழைய ஹெல்மெட்டில் மாலர்ஸ் ஸ்டிக்கர் ஒட்டி விற்பவர்களும் உண்டு. ஃபோன் டார்ச்சைச் சாய்த்து அடித்து எடுத்த படம் வாங்குங்கள். ஓட்டில் ஓடும் கீறல் ஸ்டிக்கர் மேலும் ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். ஸ்டிக்கர் விளிம்பு வரை வந்து, உள்ளே மறைந்து, அந்தப் பக்கம் மறுபடி தலைகாட்டினால் ஸ்டிக்கர் பின்னால் வந்தது. மோதலில் எதிரணி ஹெல்மெட்டின் பெயின்ட் தீற்றலாக ஒட்டியிருந்தால் எனக்கு அது ஆட்டோகிராஃபை விட உசத்தி.

படி 4. 1984 ஆட்டப் படங்களோடு கீறல்களை ஒப்பிடுங்கள். மைக் ரோசியர் போன்ற நட்சத்திரத்துக்குப் படம் கிடைக்கும். பெஞ்சில் இருந்தவருக்குக் கஷ்டம். படம் ஒத்துப்போகாமல் "ஆட்டத்தில் அணிந்தது" என்று வெறும் கடிதம் தந்தால், அதற்கென்று கூடுதல் விலை நான் தரமாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பாலிஷ், ஸ்பிரிட் எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். உலர்ந்த துணியால் தூசி தட்டினால் போதும். அழுத்தித் தேய்த்தால் அந்தத் தீற்றலும் கையோடு வந்துவிடும்.