கிளாஸைத் தேட வேண்டிய இடத்தில் சொல்லைத் தேடுகிறோம்

நிரலில் தரவையும் அதைக் கையாளும் செயல்களையும் ஒன்றாகக் கட்டி வைக்கும் அலகான கிளாஸ் ஒன்றின் பெயர் தெரியும். அது எந்தக் கோப்பில் இருக்கிறது என்பதுதான் தெரியாது. நிரல் எழுதுகிற எவருக்கும் அன்றாடம் வருகிற நிலைமை இது. பலருடைய கை உடனே போவது, விஷுவல் ஸ்டுடியோ கோடு, இன்டெல்லிஜே ஆகிய எடிட்டர்களில் (நிரல் எழுதும் மென்பொருள்கள்) திட்டம் முழுவதிலும் சொல்லைத் தேடும் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-எஃப் பக்கம். கிளாஸின் பெயர் ‘ஆர்டர்’ என்றால் இம்போர்ட் வரிகள், கமென்ட்கள், சோதனைக் கோப்புகள், அந்தச் சொல்லை உள்ளே கொண்ட வேறு பெயர்கள் எல்லாம் வந்து குவியும். வேண்டியது அவற்றில் ஒரே ஒரு வரி. எடிட்டர் மீது குறை இல்லை. இந்தச் சொல் எங்கெல்லாம் வருகிறது என்று கேட்டோம், சொன்னது. இந்தக் கிளாஸ் எங்கே வரையறுக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும்.

அதற்கென்றே தனி ஷார்ட்கட் இருக்கிறது. விஷுவல் ஸ்டுடியோ கோடில் கன்ட்ரோல்-டி, இன்டெல்லிஜே ஐடியாவில் கன்ட்ரோல்-என், எக்லிப்ஸில் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-டி. மேக்கில் முதலாவது கமாண்ட்-டி, இரண்டாவது கமாண்ட்-ஓ.

சொல் தேடலை விட்டவர்களில் ஒரு சாரார் கோப்புத் தேடலில் போய் நிற்கிறார்கள். விஷுவல் ஸ்டுடியோ கோடில் கன்ட்ரோல்-பி அழுத்திக் கிளாஸின் பெயரைத் தட்டுவது அந்த வகை. ஜாவாவிலிருந்து வருபவர்களுக்கு இது பெரும்பாலும் பலித்துவிடும்; வெளிமட்டத்தில் உள்ள பப்ளிக் கிளாஸின் பெயரும் கோப்பின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. பைத்தானிலோ டைப்ஸ்கிரிப்டிலோ சி-ஷார்ப்பிலோ அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஒரே கோப்பில் பத்து கிளாஸ்கள் இருக்கலாம், கோப்பின் பெயர் அவற்றில் எதையும் ஒத்திராமலும் இருக்கலாம். கன்ட்ரோல்-பி பழக்கத்தை விட முடியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு: வரும் பெட்டியில் முதலில் # குறியை இட்டால் அது திட்டம் முழுவதிலும் உள்ள கிளாஸ், ஃபங்ஷன் பெயர்களைத் தேடும், @ குறியை இட்டால் திறந்திருக்கும் கோப்பில் மட்டும் தேடும்.

முழுப் பெயரையும் எழுத்து எழுத்தாகத் தட்டுவது சிறிய தவறு, நேரத்தைத் தின்பதோடு சரி. ‘நல்பாயின்டர்எக்ஸெப்ஷன்’ வேண்டுமா, எக்லிப்ஸிலும் இன்டெல்லிஜேயிலும் அதன் மூன்று பெரிய எழுத்துகளான என், பி, ஈ போதும்.

பெரிய தவறு அடுத்தது: பட்டியலில் முதலில் வந்ததன் மேல் கண்ணை மூடிக்கொண்டு என்டர் தட்டுவது. ஒரே பெயரில் பல கிளாஸ்கள் இருப்பது சாதாரணம். ஜாவாவில் ‘டேட்’ என்று தேடினால் யூட்டில் பேக்கேஜில் (கிளாஸ்களை வகை பிரித்து வைக்கும் தொகுப்பு) ஒன்று, எஸ்க்யூஎல் பேக்கேஜில் இன்னொன்று. ‘லிஸ்ட்’ யூட்டிலிலும் உண்டு, திரை வரையும் ஏடபிள்யூடியிலும் உண்டு. லிஸ்ட் மாறிப்போனால், நிரலை இயந்திரத்துக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் பெரும்பாலும் கத்திவிடும். டேட் மாறிப்போனால் கத்தாமலும் போகலாம். எஸ்க்யூஎல் டேட் என்பது யூட்டில் டேட்டின் வாரிசு. ஆகவே யூட்டில் டேட்டைக் கேட்கும் இடத்தில் எஸ்க்யூஎல் டேட்டைக் கொடுத்தாலும் நிரல் கம்பைல் ஆகும். பிறகு ஒருநாள் யாரோ அதன் மீது ‘டுஇன்ஸ்டன்ட்’ மெத்தடை அழைப்பார்கள். எஸ்க்யூஎல் டேட்டில் அந்த மெத்தட் எப்போதும் எக்ஸெப்ஷனைத்தான், அதாவது ஓடும்போது எழும் பிழையைத்தான் வீசும். பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் மங்கலாகத் தெரியும் பேக்கேஜ் பெயர் அலங்காரத்துக்கு வைத்ததல்ல. தேர்வு செய்யும்போது பார்க்க வேண்டியதே அதைத்தான்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. தேடினோம், வரவில்லை, ஆகவே அப்படி ஒரு கிளாஸே இல்லை என்று முடிவுகட்டுவது. அதோடு நிற்காமல் அதே பெயரில் புதிதாக ஒன்றை எழுதியும் விடுவார்கள். வராமல் போனதற்குக் காரணம் வேறாக இருக்கலாம். திட்டத்தைத் திறந்த உடனே இன்டெல்லிஜே எல்லாக் கோப்புகளையும் படித்துத் தன் அட்டவணையைத் தயாரிக்கிறது. அது முடியும்வரை தேடலை நம்ப முடியாது. கீழே ஓடும் முன்னேற்றப் பட்டையைப் பார்த்துவிட்டுத் தேடுங்கள். விஷுவல் ஸ்டுடியோ கோடுக்கு ஜாவாவும் பைத்தானும் தானாகப் புரிவதில்லை. அந்தந்த மொழிக்கான நீட்சி நிறுவப்பட்டிருந்தால்தான் கன்ட்ரோல்-டிக்குப் பதில் வரும். டைப்ஸ்கிரிப்ட் நீட்சி கூடவே வந்தாலும், அந்த மொழிக் கோப்பு ஒன்றையாவது திறந்தால்தான் விழித்துக்கொள்ளும். தேடும் கிளாஸ் உங்கள் திட்டத்தில் இல்லாமல் ஒரு நூலகத்துக்குள் இருக்கவும் கூடும். இன்டெல்லிஜேயில் கன்ட்ரோல்-என் விசையை மறுபடியும் அழுத்தினால் நூலகங்களும் தேடலில் சேர்ந்துகொள்ளும்.

எடிட்டர் மாறும்போது விரல்கள் பழைய வீட்டிலேயே இருந்துவிடுகின்றன. எக்லிப்ஸ் பழக்கத்தில் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-டி தட்டினால் விஷுவல் ஸ்டுடியோ கோடு கடைசியாக மூடிய கோப்பைத் திறக்கும், இன்டெல்லிஜே அந்தக் கிளாஸுக்கான டெஸ்டுக்குத் தாவும். இன்டெல்லிஜேயின் கன்ட்ரோல்-என் விஷுவல் ஸ்டுடியோ கோடில் வெற்றுக் கோப்பைத் தருகிறது. பழைய எடிட்டரின் விசை அமைப்பைப் புதியதில் போட்டுக்கொள்ள வசதி இருக்கிறது. ஆனால் குழுவில் மற்றவர்களோடு ஒரே திரையில் வேலை செய்பவர் புதியதையே கற்றுக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

பெயர் கண்ணெதிரே, கர்சர் அதன் மேலேயே நிற்கிறது என்றால் தேடவே வேண்டாம். விஷுவல் ஸ்டுடியோ கோடில் எஃப்12, இன்டெல்லிஜேயில் கன்ட்ரோல்-பி, எக்லிப்ஸில் எஃப்3 நேரே வரையறைக்குக் கொண்டுபோகும். போய்ப் பார்த்தால் உடலே இல்லாத இன்டர்ஃபேஸாக இருக்கிறதா? விஷுவல் ஸ்டுடியோ கோடில் கன்ட்ரோல்-எஃப்12, இன்டெல்லிஜேயில் கன்ட்ரோல்-ஆல்ட்-பி அதைச் செயல்படுத்தும் கிளாஸ்களைக் காட்டும்.

இவ்வளவு சொன்னதால் சொல் தேடலை மறந்துவிடவும் கூடாது. எக்ஸ்எம்எல் அமைப்புக் கோப்பிலோ மேற்கோள்குறிக்குள்ளோ எழுதப்பட்ட கிளாஸ் பெயர், எடிட்டருக்குப் பல நேரங்களில் வெறும் எழுத்துதான். பழைய கிளாஸ் ஒன்றை நீக்குவதற்கு முன் அதன் பெயரை ஒருமுறை சொல் தேடலில் தட்டிப் பாருங்கள். கம்பைலர் கண்டுபிடிக்காத அந்த ஒரு வரி அங்கேதான் அகப்படும்.