திருகோணமலையிலிருந்து ஆபிரிக்காவுக்கு வேட்டைக்குப் போவதென்றால்

கோட்டை வாசலில் மான் வந்து கையிலிருக்கிற வாழைப்பழத் தோலைப் பறித்துத் தின்கிற ஊரில் இருந்துகொண்டு, ஆபிரிக்காவில் மான் சுடப் போவது எப்படி என்று எழுத எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் போன வருடம் கனடாவிலிருக்கிற மச்சானோடு நமீபியாவுக்குப் போய் வந்ததிலிருந்து காண்கிற ஆளெல்லாம் இதைத்தான் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி வாய் நோகிறது, ஆகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் நாட்டைத் தெரிவு செய்ய வேண்டும். கென்யாவில் 1977 முதல் வேட்டைக்குத் தடை, அங்கே கமராவோடுதான் போகலாம். பொட்ஸ்வானா 2014இல் தடுத்து 2019இல் திரும்பத் திறந்துவிட்டது, ஆனால் அதன் பேர்போன யானை வேட்டை எங்களைப் போன்றவர்களின் காசுக்கு எட்டாது. முதல் தடவை போகிறவர்களுக்கு நமீபியா, இல்லாவிட்டால் தென்னாபிரிக்கா. குடு, ஒரிக்ஸ், ஸ்பிரிங்பொக் என்கிற மான் வகைகள், வோர்ட்ஹொக் என்கிற காட்டுப்பன்றி, இவை போதும்.

நான் நமீபியா என்று சொல்வதற்குக் காரணம் மிருகமல்ல, காசு போகிற வழி. 1996இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. பொது நிலத்தில் வாழ்கிற சனம் கொன்சர்வன்சி என்று ஒரு சங்கம் அமைத்துப் பதிந்துகொண்டால், அந்த நிலத்து மிருகங்களால் வருகிற வருமானம் அவர்களுக்கு. 1998இல் நாலு சங்கங்களோடு தொடங்கியது, இப்போது 86 இருக்கின்றன, நாட்டின் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு அவற்றுக்குள் வருகிறது. வேட்டைக்காரன் கட்டுகிற காசில் காவலாளிகளுக்குச் சம்பளம் போகிறது, இறைச்சி ஊருக்குப் போகிறது. இதை எங்கள் ஊர்க் கண்ணால் பாருங்கள். கந்தளாய்ப் பக்கம் யானை ஒரே இரவில் வாழைத் தோட்டத்தைத் துவைத்துவிட்டுப் போனால் அந்த மனுசனுக்கு யானை மீது என்ன பாசம் வரும்? தீனிக்குள் ஒளித்து மிருகத்தின் வாயில் வெடிக்கிற வாய்வெடி வைக்கிற கை அப்படித்தான் உருவாகிறது. மிருகம் உயிரோடு இருந்தால் தனக்கும் பங்குண்டு என்றால் கதை வேறு.

நாங்கள் சுட்ட ஒரிக்ஸை அன்று பின்னேரமே ஊர் ஆக்கள் வந்து வெட்டிப் பங்கு போட்டார்கள். ஒரு கிழவி குடலைத் தனியாக எடுத்துப் பழைய எண்ணெய் வாளியில் போட்டு, மூடுவதற்கு ஒன்றும் இல்லாமல் தன் தலைத்துணியை அவிழ்த்து மூடிக்கொண்டு போனாள். மிச்சத்தில் கொஞ்சம் வினாகிரி, உப்பு, கொத்தமல்லி போட்டுக் காயவிட்டார்கள். பில்டோங் என்கிறார்கள், எங்கள் மான் வத்தலுக்கு ஒன்றுவிட்ட சகோதரம்.

அதற்காக எல்லா வேட்டையும் காட்டைக் காப்பாற்றுகிறது என்று நான் சொல்லவரவில்லை. 2015இல் சிம்பாப்வேயின் ஹ்வாங்கே பூங்காவுக்கு வெளியே சீசில் என்ற சிங்கத்தைச் சுட்டு உலகமே கொதித்தது ஞாபகமிருக்கும். தென்னாபிரிக்காவில் பண்ணையில் வளர்த்த சிங்கத்தை வேலிக்குள் விட்டுச் சுடுகிற கூத்தும் உண்டு, அந்தப் பக்கமே போகாதீர்கள். காட்டுச் சிங்கத்திலும் வயது பார்க்க வேண்டும். கூட்டத்தை ஆளுகிற இளம் ஆணைச் சுட்டால் புதிதாக வருகிற ஆண் குட்டிகளைக் கொன்றுவிடும், ஒன்றுக்குப் பதில் ஐந்தாறு போகும். ஆறு வயது தாண்டியதா என்பதற்கு மூக்கைப் பார்ப்பார்கள், வயது போகப் போக அது கறுக்கும். மறுபக்கம், தடை போட்ட கென்யாவிலும் 1977க்கும் 2016க்கும் இடையில் காட்டுமிருகங்கள் 68 வீதம் குறைந்துவிட்டன. மேய்ச்சல் மாடு, வேலி, பெருகிய சனத்தொகை எல்லாம் சேர்ந்த வேலை அது.

ஆகவே முற்பணம் கட்டுவதற்கு முன் வேட்டை ஏற்பாட்டாளரிடம் எழுத்தில் கேளுங்கள்: எந்த நிலம், எத்தனை மிருகம் சுடலாம் என்று யார் தீர்மானிப்பது, ஊருக்கு எவ்வளவு போகிறது, இறைச்சி யாருக்கு. அதற்குப் பதிலாகக் கொம்போடு நிற்கிற வெள்ளைக்காரர்களின் படங்களை அனுப்பினால் அவரை விட்டுவிடுங்கள்.

காசு இரண்டு வகை. நாள் வாடகை பெரும்பாலும் 300 முதல் 500 அமெரிக்க டொலர், அதற்கு மேல் சுடுகிற மிருகத்துக்குத் தனிக் கட்டணம். காயப்படுத்தித் தப்பவிட்டாலும் முழுக் கட்டணம்தான், இதை வடிவாக நினைவில் வையுங்கள்.

இங்கிருந்து துவக்கு கொண்டுபோக யோசிக்கவே வேண்டாம், அங்கேயே வாடகைக்குத் தருவார்கள். மூன்று தடிகளைக் கட்டிய முக்காலியில் துவக்கை வைத்து நின்றபடி சுடுவதுதான் வழக்கம். முதல் நாள் காலை கடதாசி இலக்கில் சுட வைத்துத்தான் வெளியே கூட்டிப்போவார்கள். முன்னங்காலின் வழியே கண்ணை மேலே கொண்டுபோய் உடம்பின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நிறுத்துங்கள், நெஞ்சு அங்கேதான். நான் கைநடுங்கி இரண்டு தடவை தவறவிட்டேன், மச்சான் அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறான்.

மே முதல் ஓகஸ்ட் வரை நல்லது. புல் காய்ந்திருக்கும், மிருகம் தண்ணீருக்கு வரும். ஆனால் விடியற்காலைக் குளிர், அப்பாடா! நிலாவெளி வெயிலில் வளர்ந்த உடம்புக்கு அது பகிடியில்லை, தடித்த ஜக்கெட் கட்டாயம்.

வடக்குப் பகுதிக்குப் போனால் மலேரியா உண்டு. 2016இல் எங்கள் நாடு மலேரியா இல்லாத நாடென்று அறிவிக்கப்பட்டதால் நாங்கள் அதை மறந்துவிட்டோம். மலேரியா தடை இயக்கத்தில் தடுப்பு மாத்திரை இலவசம், போக முன் வாங்குங்கள், திரும்பி வந்தபின் காய்ச்சல் வந்தால் எங்கே போனீர்கள் என்று டொக்டரிடம் முதலில் சொல்லுங்கள். அடிஸ் அபாபாவிலோ நைரோபியிலோ 12 மணித்தியாலத்துக்கு மேல் காத்திருந்து தென்னாபிரிக்காவுக்குள் போவதென்றால் மஞ்சள் காய்ச்சல் ஊசி அட்டை கேட்பார்கள். ரிக்கட் போடும்போதே இதைப் பாருங்கள்.

கொம்பு, தோல் கொண்டுவரும் ஆசையிருந்தால், புறப்படுவதற்கு முன்பே வனசீவராசிகள் திணைக்களத்தில் எழுத்தில் அனுமதி கேளுங்கள். அருகிவரும் உயிரினங்களை நாடு விட்டு நாடு கொண்டுபோய் வியாபாரம் செய்வதைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் ஒப்பந்தத்தில் இலங்கை 1979 முதல் இருக்கிறது, பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவருகிற விளையாட்டு வேண்டாம், பில்டோங்கும் வேண்டாம். நான் படங்களோடு வந்துவிட்டேன். மச்சானின் ஒரிக்ஸ் கொம்பு பதப்படுத்தி, கடதாசி எல்லாம் முடிந்து கனடாவுக்குப் போய்ச் சேரப் பத்து மாதம் எடுத்தது. இப்போது கராஜில் இருக்கிறதாம், தங்கச்சி வீட்டுக்குள் எடுக்க விடவில்லை.