ஆளுக்கேற்ற சைக்கிள்: மலைநாட்டில் நாம் விடும் பிழைகள்

"வளர்ற பிள்ளைதானே, பெருசாவே எடுங்க." சைக்கிள் கடையில் இந்தப் பேச்சு காதில் விழுந்தால் எனக்கு வயிறு கலங்கும். சப்பாத்தை ஓர் அளவு கூட்டி எடுக்கலாம், சைக்கிளை எடுக்கக்கூடாது. நுவரெலியாவிலிருந்து இறம்பொடைக்கு இறங்கும் வளைவுகளில் பிரேக் லீவருக்கு விரல் எட்டாத பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

பெரியவர்கள் விடும் பிழை வேறு. இரண்டு பாதமும் நிலத்தில் பதியவேண்டும் என்று சீட்டை இறக்கி வைப்பார்கள். நானும் அப்படித்தான் கொட்டகலையிலிருந்து அட்டனுக்கு மிதித்தேன். சில மாதத்தில் முழங்கால் சில்லுக்கு முன்னால் வலி பிடித்து, லயத்துப் படி இறங்குவதே பெரும்பாடாகிவிட்டது.

வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, தடித்த புத்தகமொன்றைக் கவட்டில் இறுக்கி, அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளந்து பாருங்கள். அதை 0.883ஆல் பெருக்கினால், கிராங்க், அதாவது பெடல் பூட்டியிருக்கும் கம்பிக்கை, சுற்றும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை இருக்கவேண்டிய உயரம் கிட்டும். 75 சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 66. பிறகு ஓட்டிப் பார்த்துக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம். மிதிக்கும்போது இடுப்பு இரண்டு பக்கமும் ஆடினால் சீட் உயர்ந்துவிட்டது என்று அர்த்தம். சீட் கம்பியில் பொறித்துள்ள எல்லைக்கோடு வெளியே தெரியும்வரை இழுக்கவே வேண்டாம். கம்பி முறியும், பிரேமும் வெடிக்கும்.

யாரும் பார்க்காதது கிராங்க் நீளம். பெடல் பூட்டும் இடத்துக்குப் பின்னால் 165, 170, 175 என்று மில்லிமீற்றரில் பொறித்திருக்கும். அழுக்கைத் துடைத்துப் பாருங்கள். குட்டையான ஆளுக்கு 175 போட்டால், ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால் நெஞ்சுப் பக்கமாக மடங்கும். தலவாக்கலை ஏற்றத்தில் அந்த மடிப்பு ஆயிரக்கணக்கில். 5 மில்லிமீற்றர் குறைந்த கிராங்க் போட்டால் சீட்டையும் 5 உயர்த்த வேண்டும், அப்போது மேல்சுற்றில் முழங்காலுக்கு 10 மில்லிமீற்றர் இடம் கிடைக்கும். நெம்பும் பலம் கொஞ்சம் குறையும்தான். அதற்குப் பின்சில்லில் பெரிய பல்சக்கரம் போட்டுக்கொள்ளலாம். முழங்காலுக்கு மாற்று கிடையாது.

ஹேண்டில் தூரமென்றால் சீட்டை முன்னுக்குத் தள்ளாதீர்கள். சீட்டின் இடம் காலுக்கானது. ஹேண்டிலைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மைக் குட்டையாக மாற்றுங்கள்.

பிரேக் லீவர் பலவற்றில் பிடிக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதை முடுக்கினால் லீவர் கைப்பிடிக்குக் கிட்ட வரும். பிள்ளையை ஏற்றி உட்காரவைத்து, ஹேண்டிலை விடாமல் இரண்டு விரலால் லீவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். பிடிபடாவிட்டால் அன்றைக்கு அந்தச் சைக்கிளை றோட்டில் இறக்காதீர்கள்.