கிளாரினெட் தனிக்கலைஞரின் சிம்பொனிக் கச்சேரி: கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிம்பொனி இசைக்குழுவின் கச்சேரிக்கு முதன்முறையாகச் செல்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு தவறுக்குத்தான் அஞ்சுகிறார்கள். தவறான இடத்தில் கைதட்டிவிடுவோமோ என்ற அச்சம் அது. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால், கிளாரினெட் கலைஞர் ஒருவர் தனித்து நின்று வாசிக்க, விருந்தினராக வந்த நடத்துநர் குழுவை வழிநடத்தும் நிகழ்ச்சியில், கேட்பவருக்கு அதைவிடப் பெரிய இழப்பைத் தரும் தவறுகள் வேறு உள்ளன. அவற்றுள் பல, இந்தக் கருவியின் உண்மையான வலிமை அதன் மெல்லொலியில்தான் இருக்கிறது என்பதை அறியாததால் நேர்பவை. நிசப்தத்துக்குள்ளிருந்தே ஒரு சுரத்தைத் தொடங்கி, அதை வளர்த்து, மறுபடியும் நிசப்தத்துக்குள்ளேயே கரைத்துவிடுவதில் கிளாரினெட்டுக்கு நிகரான காற்றுக்கருவி இல்லை என்றே சொல்வேன்.

ஆகவே மிட்டாய் உறையைப் பிரிப்பது, நிகழ்ச்சிக் குறிப்பின் தாளைப் புரட்டுவது, அலைபேசித் திரையை ஒளிரவிடுவது ஆகியவை மற்றக் கச்சேரிகளைவிட இங்கே கூடுதலாக உறுத்தும். குறிப்பை முன்னதாகவே படித்துவிடுங்கள். இருமல் வரும் என்று தோன்றினால் மிட்டாயை உறையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

தனிக்கலைஞர் வாசிக்கத் தொடங்கும்வரை உள்ள இசையை வெறும் காத்திருப்பாகக் கருதுவது அடுத்த தவறு. 1791ஆம் ஆண்டு மொஸார்ட் எழுதிய கிளாரினெட் கான்செர்டோவில் (தனிக்கருவியும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) முதல் இரண்டு நிமிடங்கள் அளவுக்கு இசைக்குழு மட்டுமே வாசிக்கிறது. கலைஞர் கருவியை ஏந்தியபடி நின்றுகொண்டிருப்பார். பின்னர் அவர் வாசிக்கப்போகும் மெட்டை முதலில் வயலின்கள்தான் அறிமுகப்படுத்துகின்றன. அதை மனத்தில் பதித்துக்கொண்டவருக்கு மட்டுமே, கிளாரினெட் அதே மெட்டை எங்கே நீட்டுகிறது, எங்கே அலங்கரிக்கிறது, எங்கே சட்டென்று கீழ் ஸ்தாயிக்கு இறக்குகிறது என்பது புலப்படும். இந்தப் படைப்பில் மொஸார்ட் ஓபோ, டிரம்பெட் ஆகிய காற்றுக்கருவிகளையும் டிம்பனி என்ற முரசையும் ஒதுக்கிவிட்டு, இரண்டு புல்லாங்குழல், இரண்டு பசூன் (தாழ்ந்த ஒலியுள்ள குழல்), இரண்டு ஹார்ன், தந்திக் கருவிகள் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டார். கூர்மையான ஒலிகள் விலகி நிற்பதால் கிளாரினெட்டின் நிறம் மறைக்கப்படாமல் ஒலிக்கிறது.

வீட்டில் பலமுறை கேட்ட ஒலிப்பதிவை உரைகல்லாக மேடைக்கு எடுத்துச் செல்வது, நன்கு கேட்டுப் பழகியவர்களே செய்யும் தவறு. தெரிந்த சொற்றொடர் ஒன்று எதிர்பாராமல் ஆழத்துக்கு இறங்கினால், கலைஞர் மூலத்தை மாற்றிவிட்டார் என்று அவர்கள் முடிவுகட்டுகிறார்கள். உண்மை பெரும்பாலும் நேர்மாறானது. மொஸார்ட் இந்தக் கான்செர்டோவைத் தம் நண்பர் அன்டன் ஷ்டாட்லருக்காக எழுதினார். ஷ்டாட்லர் வாசித்தது, வழக்கமான கிளாரினெட்டைவிட நான்கு அரைச்சுரங்கள் கீழே இறங்கக்கூடிய நீண்ட கருவி. அதனை இன்று பாசெட் கிளாரினெட் என்கிறார்கள். மொஸார்ட்டின் கையெழுத்துப் பிரதி தொலைந்துபோனது. 1801இல் அச்சான பதிப்புகளோ சாதாரணக் கிளாரினெட்டுக்கு ஏற்ப மாற்றப்பட்டவை. அந்த நீண்ட கருவியை மீண்டும் உருவாக்கி, கீழ்ச்சுரங்களை அவற்றுக்குரிய இடத்தில் வைத்து வாசிக்கும் கலைஞர்கள் இப்போது பலர் இருக்கிறார்கள். எனவே, மாறியது எந்தப் பக்கம் என்று தீர்ப்பதற்கு முன் கலைஞரின் கையில் இருக்கும் கருவியின் நீளத்தைப் பாருங்கள்.

மேடையில் கலைஞர் செய்யும் சிறு காரியங்களைப் பதற்றம் என்றோ அலட்சியம் என்றோ எண்ணிவிடவும் கூடாது. மூச்சின் ஈரம் குளிர்ந்து நீராகித் துளைகளில் தேங்கினால் சுரம் குழறும். அதற்காகவே படைப்பின் ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்குமுன் துணியைக் குழலுக்குள் இழுத்துத் துடைக்கிறார். குளிர்ந்த கருவியின் சுருதி இறங்கியும் சூடேறிய கருவியின் சுருதி ஏறியும் இருக்கும் என்பதால் இணைப்புகளைச் சற்றே இழுத்தோ அழுத்தியோ சரிசெய்கிறார். ஊதும்போது அதிர்ந்து ஒலியெழுப்பும், நாணலில் செய்த ரீட் என்ற மெல்லிய தகடு உலர்ந்தால் உடனே முரண்டுபிடிக்கும். இசைக்குழுவில் அமர்ந்திருக்கும் கிளாரினெட் கலைஞர்கள் அருகில் இன்னொரு கருவி வைத்திருப்பதும் வெறும் மாற்று ஏற்பாடு இல்லை. ஒன்று பி பிளாட் கிளாரினெட், மற்றது அதைவிட அரைச்சுரம் தாழ்ந்த ஏ கிளாரினெட். மொஸார்ட்டின் கான்செர்டோ ஏ கருவிக்கும், 1811இல் ஜெர்மானிய இசையமைப்பாளர் வெபர் எழுதிய இரு கான்செர்டோக்களும் பி பிளாட் கருவிக்கும் உரியவை.

விருந்தினர் நடத்துநர் குறித்து இரண்டு எதிரெதிரான தவறுகள் உண்டு. கேட்கும் அனைத்தும் அவருடைய கைவண்ணம் என்று நினைப்பது ஒன்று. அவர் தாளம் மட்டும் போடுகிறார் என்று நினைப்பது மற்றொன்று. நெடுநாள் தம்முடன் இருக்கும் நடத்துநரிடம் பழகிய குழுவை, அவர் சில ஒத்திகைகளுக்குள் தம் வழிக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. வேகம், எடுப்பு, எந்த இடத்தில் யார் ஒலியைக் குறைப்பது ஆகியவை அந்தக் குறுகிய நேரத்திலேயே முடிவாகின்றன. மேடையில் அவருடைய திறமையை அறிய, ஓங்கிய கைவீச்சைப் பார்ப்பதைவிடக் கிளாரினெட் கலைஞர் மூச்செடுக்கும் தருணங்களைக் கவனிப்பது நல்லது. வயலினுக்கு மூச்சு தேவையில்லை, கிளாரினெட்டுக்குத் தேவை. நல்ல நடத்துநர் அந்தத் தருணத்தை நொடியின் ஒரு சிறு பங்கு முன்கூட்டியே உணர்ந்து, முழுக் குழுவையும் அதற்குள் தயங்கவிட்டு, தாளம் முறிந்தது என்று யாருக்கும் தோன்றாதபடி கலைஞரோடு மீண்டும் சேர்ந்துகொள்வார்.

முதல் வரிசையே சிறந்த இருக்கை என்ற எண்ணத்தையும் கைவிடலாம். கிளாரினெட்டின் ஒலி அதன் அடியில் விரிந்திருக்கும் முனையிலிருந்து மட்டும் வருவதில்லை. திறந்திருக்கும் துளைகளிலிருந்தும் பரவுகிறது. மிக அருகில், விரலால் அழுத்தும் சாவிகளின் தட்டொலியும் பக்கத்து வயலின்களும் மிகுந்து கேட்கும். சற்றுப் பின்னால், நடுவில் அமர்ந்தால் குழுவும் தனிக்கருவியும் ஒன்றாகக் கலந்து வரும்.

கைதட்டலுக்கு வருவோம். பகுதிகளுக்கிடையே மௌனம் காப்பது பழங்கால விதி என்று பலர் நம்புகிறார்கள். 1778இல் பாரிஸில் தம் சிம்பொனி அரங்கேறியபோது, முதல் பகுதி நடந்துகொண்டிருக்கும்போதே மக்கள் கைதட்டியதை மொஸார்ட் மகிழ்ச்சியோடு தந்தைக்கு எழுதினார். எனினும் இன்றைய வழக்கம் முழுப் படைப்பும் முடியும்வரை பொறுப்பது. பகுதிகளை எண்ணிக்கொண்டு அமர்வது இதற்கு உதவாது. ஜாஸ் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மேனுக்காக அமெரிக்க இசையமைப்பாளர் கோப்லண்ட் எழுதிய கான்செர்டோவில் இரண்டு பகுதிகளும் தனிக்கருவியின் கடென்சாவால் (குழு நிற்க, கலைஞர் மட்டும் வாசிக்கும் இடம்) இணைந்து இடைவெளியின்றி ஓடுகின்றன. நடத்துநரின் கைகள் முற்றிலும் தாழ்ந்து அவர் திரும்பும்வரை காத்திருப்பதே பாதுகாப்பு. யாரோ ஒருவர் முந்திக்கொண்டு தட்டினால் அவரை அதட்டாதீர்கள். அந்த அதட்டல்தான் கூடுதல் இரைச்சல்.

தனிக்கலைஞரின் பங்கு முடிந்தது என்று இடைவேளையிலேயே கிளம்பிவிடுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. கான்செர்டோ பெரும்பாலும் முற்பாதியிலும் சிம்பொனி பிற்பாதியிலும் இடம்பெறும். பிற்பாதியில் ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கியின் 6ஆவது சிம்பொனி வாசிக்கப்பட்டால், அதன் மூன்றாம் பகுதி வெற்றி முழக்கம்போல முடியும். கைகள் தாமாகவே எழும், ஆனால் துயரம் நிறைந்த நான்காம் பகுதி இன்னும் மீதமிருக்கும். அதற்கும் முன்பே, முதல் பகுதியின் நடுவில், குழுவிலுள்ள கிளாரினெட் தனியாக ஒரு மெட்டை மங்கவிட்டுக்கொண்டே போகும். அதன் கடைசிச் சில சுரங்களை சாய்கோவ்ஸ்கி பசூனுக்குக் கொடுத்து, மென்மைக்கான குறியை ஆறு முறை அடுக்கி எழுதினார். அவ்வளவு மெல்லிய ஒலி பசூனுக்கு எளிதில் கைகூடாது என்பதால், பல நடத்துநர்கள் அவற்றைக் கிளாரினெட்டின் தாழ்ந்த ஒலியுள்ள பெரிய வடிவமான பாஸ் கிளாரினெட்டிடம் ஒப்படைக்கிறார்கள். அரங்கமே மூச்சடக்கிக் கேட்டுக்கொண்டிருக்கும் அந்த நொடிக்கு அடுத்த நொடியில் முழு இசைக்குழுவும் இடிபோல் வெடிக்கும்.