திவாலான நிறுவனத்திடம் நூல் பாக்கியை வாங்கியது எப்படி

எங்களிடம் நூல் வாங்கிய திருப்பூர் பின்னலாடை நிறுவனம் ஒன்று திவால் நடைமுறைக்குள் போனது. அந்த நடைமுறை முடியும்வரை நீடிக்கும் தடைக்காலத்தில் நிறுவனத்தின் மீது வழக்கு நகராது என்றார் வக்கீல். பாக்கிக் கோரிக்கைகளைக் கேட்ட நாளிதழ் அறிவிப்பைப் பார்த்து, 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டப்படி சரக்கு கொடுத்தவர்களுக்கான ‘பி’ படிவத்தில் கோரிக்கை அனுப்பினேன். பில், லாரி ரசீது, வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் இணைத்தேன். ஒப்பந்தத்தில் இல்லாத வட்டியை, திவால் நடைமுறையை நடத்தும் தீர்வு நிபுணர் தயங்காமல் வெட்டினார். கடன் கொடுத்தோர் குழுவில் வாக்கு வங்கிகளுக்குத்தான். சரக்கு கொடுத்தவன் வேடிக்கை பார்க்கலாம்!

கைகொடுத்தது, பணமில்லாமல் திரும்பிய காசோலைதான். தடைக்காலம் நிறுவனத்தைத்தான் காக்கும், கையெழுத்திட்ட இயக்குநரை அல்ல என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. முன்பே தொடுத்திருந்த 138ஆவது பிரிவு காசோலை மோசடி வழக்கை இயக்குநர் மீது மட்டும் தொடர்ந்து நடத்தினேன். அடுத்த வாய்தாவுக்குள் தவணை பேச ஆள் அனுப்பினார். அசலில் பாதிக்கு மேல் வந்துவிட்டது. அதைக் கழித்துத் திருத்திய கோரிக்கையை நிபுணருக்கு அனுப்பிவிட்டேன்.